உழைப்புப் பிரிவினையும் சமாந்தரக் கணிப்பும்: ‘செல்’ முறைவழியாக்கி பற்றிய சில குறிப்புகள்

கணனி குறித்துத் தமிழில் இன்று எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, அதனைப் பயன்படுத்துமாறு கற்பிப்பது. மற்றையது, அதனை வியந்து போற்றுவது. பொறியினுள்ளே வேலை எவ்வாறு பகுக்கப்படுகிறது, அப்பகுப்பைச் செய்வோர் யார், அதன் செலவை ஏற்போர் யார் என்னும் வினாக்கள் இவ்விரு வகை எழுத்துக்களிலும் இடம்பெறுவது அரிது. இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்துறையினுட் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியிற் கூட்டுழைப்பு, உழைப்புப் பிரிவினை, இயந்திரத் தொழில் ஆகியன பற்றிய அதிகாரங்களைப் பயின்ற ஒருவர், சமாந்தரக் கணிப்புப் பற்றிய பாடநூலொன்றைத் திறப்பாராயின், அங்கு எழுப்பப்படும் பிரச்சினைகள் தமக்கு முன்னரே அறிமுகமானவை என்பதை முதற் சில பக்கங்களிலேயே உணர்வார்.

பிரச்சினையை முதலில் எளிமையாகக் கூறிவிடலாம். முறைவழியாக்கி என்பது கணனியிற் கட்டளைகளை நிறைவேற்றும் உறுப்பு. 2000களின் நடுப்பகுதிவரை அதன் வேகத்தை ஆண்டுதோறும் கணிசமாக உயர்த்துவது சாத்தியமாயிருந்தது. சில்லு வெளியிடும் வெப்பம் அதற்கு மேல் இடந்தராத நிலையில், உற்பத்தியாளர்கள் ஒன்றின் வேகத்தைக் கூட்டுவதை விடுத்துப் பலவற்றை ஒருங்கு சேர்க்கத் தலைப்பட்டனர். பல முறைவழியாக்கிகளை இணைக்கும் முயற்சி அதற்கு முன்னரும் இருந்ததே. எனினும் அது பெரும்பாலும் ஆய்வுகூடங்களுக்கும் படைத்துறைக்கும் உரிய விடயமாகவே இருந்து வந்தது. பலவற்றைச் சேர்த்ததும் புதியதொரு வேலை தோன்றுகிறது. ஒரு கணிப்பைக் கூறுகளாகப் பிரித்தல், ஒவ்வொரு கூறும் எந்த முறைவழியாக்கியில் நிகழவேண்டும் எனத் தீர்மானித்தல், அதற்கு வேண்டிய தரவு எங்கே இருக்கவேண்டும், எப்போது எங்கிருந்து எங்கே செல்லவேண்டும் என வகுத்தல் ஆகிய இவையனைத்தையும் சேர்த்துப் ‘பொருத்துதல்’ என இக்கட்டுரையில் வழங்குவோம். சாத்தியமான பொருத்தங்கள் எண்ணிறந்தவை. அவற்றுள் மிகச் சிறந்ததை எல்லாச் சந்தர்ப்பங்களிலும் விரைவாகக் கண்டறியத்தக்க பொதுவழி எதுவும் இதுவரை அறியப்படவில்லை. ஆகவே பொருத்துதல் இன்றும் பெருமளவு மனிதத் தீர்மானத்திலும் அனுபவத்திலும் தங்கியுள்ள வேலையாகும்.

மார்க்ஸ் எடுத்துக்காட்டும் அச்செழுத்து வார்ப்புச் சாலையை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமாகும். வார்ப்பவர் மணித்தியாலத்துக்கு 2,000 எழுத்துக்களை வார்க்கிறார். உடைத்துப் பிரிப்பவர் 4,000 எழுத்துக்களைப் பிரிக்கிறார். தேய்த்து மெருகிடுபவர் 8,000 எழுத்துக்களை மெருகிடுகிறார். ஆகவே ஒரு மெருகாளருக்கு இரு பிரிப்பாளரும் நான்கு வார்ப்பாளரும் வேண்டும். இவ்விகிதம் பிசகுமிடத்து ஒருவர் வேலையின்றி நிற்க, மற்றவர் முன்னே வேலை குவியும். ஒரு காட்சிப்படத்தின் தரவை ஒரு முறைவழியாக்கி விரிக்க, அடுத்தது நிறத்தை மாற்ற, மூன்றாவது அளவைத் திருத்துமாறு அமைக்கப்படும் தொடரிலும் இதே விகிதப் பிரச்சினையே எழுகின்றது. முழுத் தொடரின் வேகத்தையும் அதன் மந்தமான கட்டமே தீர்மானிக்கும். இதற்கு மாறாக, எல்லா முறைவழியாக்கிகளும் ஒரே வேலையையே வெவ்வேறு தரவுத் துண்டுகளின்மீது செய்வதும் உண்டு. மார்க்ஸ் எளிய கூட்டுழைப்பு என்று கூறுவதற்கு இது நெருங்கியது. நடைமுறையில் இரண்டும் கலந்தே வருகின்றன.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. கணிப்பும் தொழிற்சாலையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பிரெஞ்சுப் புரட்சியை அடுத்த ஆண்டுகளிற் பெரும் மடக்கை அட்டவணைகளைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்ற த புறோனி, அடம் ஸ்மித்தின் உழைப்புப் பிரிவினைக் கருத்தினால் தூண்டப்பட்டுத் தம் பணியாளரை மூன்று படிகளாக வகுத்தார். மேற்படியில் ஒருசில கணித மேதைகள். இடைப்படியிற் சூத்திரங்களை எண்களாக மாற்றுவோர். கீழ்ப்படியிற் கூட்டலும் கழித்தலும் மட்டுமே அறிந்த 60 முதல் 80 வரையிலான பேர். சாள்ஸ் பபேஜ் 1832இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். வேலையைப் பகுப்பதனால், ஒவ்வொரு கூறுக்கும் வேண்டிய அளவு திறமையை மட்டுமே கூலிகொடுத்து வாங்க முதலாளியால் முடிகிறது என்னும் அவரது விளக்கம் ஸ்மித்தினதைக் காட்டிலும் ஆழமானது. மார்க்ஸ் அந்நூலைப் பயன்படுத்தினார். கணிக்கும் பொறியை வடிவமைத்த மனிதரே உழைப்புப் பிரிவினையின் பொருளாதாரத்தையும் எழுதினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. முறைவழியாக்கி தொழிலாளி அன்று. அது களைப்பதில்லை, வேலைநிறுத்தம் செய்வதில்லை, உபரி மதிப்பைப் படைப்பதுமில்லை. சில்லுக்குள்ளே வர்க்கப் போராட்டத்தைத் தேடும் உவமைப் பிரியர்கள் (நம் அணியிலும் இத்தகையோர் இல்லாமலில்லை) விடயத்தைக் கோட்டைவிடுகின்றனர். நமது ஆய்வுக்குரிய உழைப்பு சில்லுக்கு வெளியே, பொருத்துதலைச் செய்யும் செய்நிரலாளரிடம் இருக்கின்றது.

அவ்வுழைப்பின் தன்மையை அறிவதற்கு இரு கணக்குகள் உதவும். முதலாவது, ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்திலிருந்து பெறப்படுவது. ஒரு கணிப்பின் 5 வீதம் பகுக்கவியலாதது எனக் கொள்வோம். எஞ்சிய 95 வீதத்தை எட்டு முறைவழியாக்கிகளுக்குப் பங்கிட்டால் வேகம் எட்டு மடங்காவதில்லை, ஏறத்தாழ 5.9 மடங்கே ஆகிறது. முறைவழியாக்கிகளின் தொகையை எவ்வளவு பெருக்கினும் 20 மடங்கைத் தாண்டவியலாது. இரண்டாவது கணக்குத் தொடர்பாடல் பற்றியது. பக்கத்துக்கு 1,024 புள்ளிகள் கொண்ட சதுரத் தளமொன்றில் வெப்பம் பரவுவதைக் கணிப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளியும் தன் அயற் புள்ளிகளின் பெறுமானத்தை அறியவேண்டும். தளத்தை 16 முறைவழியாக்கிகளுக்கு நீண்ட பட்டிகளாக வெட்டிக் கொடுத்தால், நடுவிலுள்ள ஒவ்வொன்றும் தன் இரு எல்லைகளிலும் மொத்தம் 2,048 பெறுமானங்களை அயலிலிருந்து பெறவேண்டும். பக்கத்துக்கு 256 புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டிக் கொடுத்தால் 1,024 போதும். இரு முறைகளிலும் ஒவ்வொன்றும் கணிக்கும் புள்ளிகள் 65,536 தாம். வேலையளவு மாறவில்லை, வெட்டிய விதம் மட்டுமே மாறியது, தொடர்பாடல் பாதியாயிற்று.

பொறிகள் தோன்றுமுன்னரே இதனைக் கற்பனை செய்தவர் ஆங்கிலேய வானிலை அறிஞரான லூயிஸ் றிச்சர்ட்சன். வட்டமான பெருமண்டபமொன்றில் 64,000 மனிதக் கணிப்பாளர் அமர்ந்து, உலகின் ஒவ்வொரு பகுதியின் வானிலையையும் ஒவ்வொரு குழுவினர் கணித்து, அயலவருக்குத் தம் விடைகளைக் காட்டும் காட்சியை அவர் 1922இல் விவரித்தார். நடுவிலுள்ள மேடையிலிருந்து பொறுப்பாளர் முந்துவோர்மீது செந்நிற ஒளியையும் பிந்துவோர்மீது நீலநிற ஒளியையும் பாய்ச்சுவார். முறைவழியாக்கிகளை ஒருகாலப்படுத்தும் பிரச்சினையை இதனைவிடத் தெளிவாக விளக்கிய பந்தியொன்றைப் பிற்காலப் பாடநூல்களில் நாம் கண்டதில்லை.

பொருத்துதலுக்கென்றே உருவாக்கப்பட்ட பொறியாக டிரான்ஸ்பியூட்டரைக் குறிப்பிடலாம். 1978இல் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசின் நிதியுடன் தொடங்கப்பட்ட இன்மொஸ் நிறுவனம் 1985இல் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சில்லிலும் அயற் சில்லுகளுடன் பேச நான்கு இணைப்புகள் இருந்தன. நாற்புறமும் அயலவரைக் கொண்ட வலையாக இவற்றை அடுக்கினால், மேற்கூறிய வெப்பக் கணிப்பு அதன்மேற் கச்சிதமாக அமரும். தொலைவிலுள்ளவர்கள் அடிக்கடி பேசவேண்டிய கணிப்பாயின் நிலைமை வேறு: நாலுக்கு நாலு வலையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் செல்லும் செய்தி ஆறு இணைப்புகளைக் கடக்கவேண்டும். நமக்கு இங்கு முக்கியமானது அதனுடன் பிறந்த ‘ஒக்கம்’ என்னும் மொழி. டோனி ஹோர் 1978இல் முன்வைத்த கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு டேவிட் மே வடிவமைத்த இம்மொழியில், எவை சமாந்தரமாக நிகழ்கின்றன, எவை தம்முள் பேசுகின்றன என்பது ஓரிடத்தில் எழுதப்படும். எது எந்தச் சில்லில் நிகழும் என்பது தனியே எழுதப்படும். இரண்டாவதை மாற்றினால் வேகம் மாறும்; கணிப்பின் தருக்கம் மாறாது. அதாவது, பொருத்துதலாகிய உழைப்பு கணிப்பின் கருத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டது. அந்நிறுவனம் கன்சர்வேற்றிவ் ஆட்சியில் 1984ஆம் ஆண்டு தனியாருக்கு விற்கப்பட்டு, 1989இல் மீண்டும் கைமாறியது. டிரான்ஸ்பியூட்டரின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.

இனிச் ‘செல்’ முறைவழியாக்கிக்கு வருவோம். 2001இல் சொனி, தொஷிபா, ஐ.பி.எம். ஆகிய மூன்று கொம்பனிகளும் கூட்டாகத் தொடங்கிய இத்திட்டத்தின் வடிவமைப்பு அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் நிகழ்ந்தது. ஒரே சில்லில் ஒன்பது முறைவழியாக்கிகள். ஒன்று வழமையான வகையினது. மேற்பார்வையும் பொதுப்பணியும் அதனுடையவை. மற்றைய எட்டும் எண்கணிதத்துக்கென்றே ஆக்கப்பட்ட விசேட உறுப்புகள். 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பொறியின் இதயம் இதுவே. அதில் எட்டில் ஒன்று முடக்கப்பட்டிருந்தது. ஓர் உறுப்புப் பழுதான சில்லையும் வீசாமல் விற்கலாம் என்பதே காரணம். இன்னொன்றை இயக்க முறைமை எடுத்துக்கொள்ள, விளையாட்டை எழுதுவோருக்கு எஞ்சியவை ஆறு. உற்பத்திச் செலவுக் கணக்கு எவ்வளவு நேரடியாகச் செய்நிரலாளரின் மேசைக்கு வந்துசேர்கிறது என்பதற்கு இது சிறு உதாரணம்.

பெரிய உதாரணம் நினைவகத்திலே உள்ளது. வழமையான முறைவழியாக்கியிற் பதுக்கு நினைவகம் ஒன்று உண்டு. அடிக்கடி வேண்டப்படும் தரவைத் தொலைவிலுள்ள பிரதான நினைவகத்திலிருந்து எடுத்து அருகில் வைத்துக்கொள்ளும் வேலையை அது செய்நிரலாளர் அறியாமலே தானாகச் செய்யும். அதற்குச் சில்லில் இடமும் மின்சக்தியும் வேண்டும். செல்லின் எட்டு உறுப்புகளிலிருந்தும் இந்தத் தானியங்கு வசதி நீக்கப்பட்டது. பதிலாக ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் அளவான சொந்தக் களஞ்சியம் கொடுக்கப்பட்டது. செய்நிரலும் தரவும் இரண்டும் அதனுள்ளேயே அடங்கவேண்டும். வெளியிலிருந்து எதனை, எப்போது, எவ்வளவு கொண்டுவருவது என்பதைச் செய்நிரலாளர் ஒவ்வொரு தடவையும் வெளிப்படையாகக் கட்டளையிடவேண்டும். ஒரு கட்டளையிற் கொண்டுவரத்தக்கது கூடியது 16 கிலோபைட். சில்லிலே மீதப்படுத்தப்பட்ட இடம் மனித மணித்தியாலங்களாக வெளியே செலவாயிற்று. மூலதனம் தன் செலவைக் குறைத்தது என்பதைவிட, அச்செலவை வேறொருவர் கணக்குக்கு மாற்றியது என்பதே சரியான விவரணம் என்பது நமது கருத்து.

இம்மாற்றம் எவ்வளவு கனதியானது என்பதை எண்களிற் காணலாம். எட்டு உறுப்புகளும் சேர்ந்து செக்கனுக்கு 204.8 பில்லியன் எண்கணிதச் செயல்களைச் செய்ய வல்லவை. பிரதான நினைவகத்திலிருந்து செக்கனுக்கு வந்துசேரக்கூடியதோ 25.6 பில்லியன் பைட். எனவே கொண்டுவரப்படும் ஒவ்வொரு பைட்டுக்கும் எட்டுச் செயல்களாவது நிகழாவிடின், உறுப்புகள் சும்மா நிற்கும். இரு நீண்ட எண் வரிசைகளைக் கூட்டி மூன்றாவதில் எழுதும் எளிய கணிப்பை எடுத்துக்கொள்வோம். எண்ணொன்றுக்கு நான்கு பைட். இரண்டைக் கொண்டுவந்து ஒன்றைத் திருப்பி அனுப்ப 12 பைட் நகர்கிறது. செய்யப்படுவது ஒரேயொரு கூட்டல். பொறியின் முழு ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் இங்கு பயன்படும். எத்தனை உறுப்புகளுக்குப் பங்கிட்டாலும் இந்நிலை மாறாது. தொழிலாளரைப் பெருக்கியும் மூலப்பொருள் வரும் பாதையை அகலிக்காத ஆலையின் நிலை இது.

தாயங்களைப் பெருக்கும் கணிப்பில் நிலைமை தலைகீழாகிறது. ஆயினும் தானாக அன்று. தாயங்களை 64க்கு 64 என்ற சதுரத் துண்டுகளாக வெட்டுவோம். ஒரு துண்டு சரியாக 16 கிலோபைட். ஒரே கட்டளையில் வந்துசேரும். இரு துண்டுகளைக் கொண்டுவந்து பெருக்கினால் 5,24,288 செயல்கள் நிகழ்கின்றன. நகர்ந்தது 32,768 பைட். பைட்டுக்கு 16 செயல்கள். வேண்டியதைப்போல் இரு மடங்கு. நேரத்திற் கூறுவதாயின், ஓர் உறுப்பு இப்பெருக்கலுக்கு ஏறத்தாழ 20 மைக்குரோசெக்கன் எடுக்கும்; எட்டும் பாதையைப் பங்கிடும்போதுகூட அடுத்த இரு துண்டுகள் ஏறத்தாழ 10 மைக்குரோசெக்கனில் வந்துவிடும். ஆகவே ஒரு சோடித் துண்டுகளின்மீது வேலை நடக்கும்போதே அடுத்த சோடியை இன்னோர் அறைக்குள் இறக்கிக்கொள்ளலாம். வேலைக்குரிய இரு துண்டுகள், இறக்கப்படும் இரு துண்டுகள், விடை சேரும் துண்டு ஒன்று என ஐந்துக்கும் 80 கிலோபைட் போதும். எஞ்சிய இடத்திற் செய்நிரல் வசதியாக இருக்கும். ஆயின் இதற்கு ஒரு நிபந்தனையுண்டு. தாயம் வழமைபோல் நிரை நிரையாக நினைவகத்தில் எழுதப்பட்டிருந்தால் ஒரு துண்டு 64 சிதறல்களாகக் கிடக்கும். முழுத் தரவையும் முன்கூட்டியே துண்டு துண்டாக மாற்றி அடுக்கவேண்டும். கணிப்பின் சூத்திரம் ஒரு வரி. அதனை இப்பொறிமீது பொருத்தும் செய்நிரல் பல நூறு வரிகள்.

செல்லின் மேம்பட்ட வடிவமொன்றைக் கொண்டு ஐ.பி.எம். அமைத்த ரோட்ரன்னர் என்னும் பெருங்கணனி, 2008 மே மாதம் செக்கனுக்கு ஆயிரம் ட்ரில்லியன் செயல்கள் என்ற எல்லையைத் தொடர்ச்சியான கணிப்பில் முதன்முதற் கடந்தது. இடம், அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடம். பிரதான நோக்கம், அணுவாயுத இருப்புப் பற்றிய கணிப்புகள். முற்போக்கு வாசகர் இதனை மறந்துவிடலாகாது. அதில் 12,960 செல் சில்லுகளும் அவற்றுடன் சாதாரண வகை ஒப்டெரோன் சில்லுகளும் இணைக்கப்பட்டிருந்தன. செய்நிரலாளருக்கு ஒரே கணிப்பை மூன்று வகை முறைவழியாக்கிகளுக்காக மூன்று தடவை எழுதவேண்டியிருந்தது: ஒப்டெரோனுக்கு ஒன்று, செல்லின் மேற்பார்வை உறுப்புக்கு ஒன்று, எட்டு விசேட உறுப்புகளுக்கு ஒன்று. போதாக்குறைக்கு, ஓர் எண்ணின் பைட்டுகளை ஒப்டெரோன் ஒரு திசையிலும் செல் எதிர்த் திசையிலும் அடுக்கிவைப்பன; எல்லையைக் கடக்கும் தரவைப் புரட்டிப்போட வேண்டும். ஒரே ஆலையின் இரு பகுதியினர் ஒரே ஏட்டை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வாசிப்பது போன்றது இது.

இவ்வளவு உழைப்புக்கும் நேர்ந்தது என்ன? 2009இல் ஐ.பி.எம். பெருங்கணிப்புக்கான அடுத்த செல் சில்லைக் கைவிட்டது. பிளேஸ்டேஷனில் வேறு இயக்க முறைமையை நிறுவி அதனை மலிவான கணிப்புப் பொறியாகப் பயன்படுத்தும் வசதி, தொடக்கத்திலிருந்தே வழங்கப்பட்டிருந்தும், 2010 ஏப்பிரல் 1ஆம் திகதிய மென்பொருள் மாற்றத்துடன் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடமொன்று அத்தகைய 1,760 பொறிகளை இணைத்துப் பெருங்கணனியொன்றை அமைத்ததும் இங்கு குறிப்பிடத்தக்கது. 2013 மார்ச் 31இல் ரோட்ரன்னர் அணைக்கப்பட்டது. அதே ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 4இற் செல் இல்லை. புதிய இயந்திரம் வருகையில் பழைய இயந்திரம் தேயுமுன்னரே மதிப்பிழப்பதை மார்க்ஸ் விளக்கியுள்ளார். இங்கோ இயந்திரம் மதிப்பிழந்தபோது அதனுடன் சேர்ந்து, அதன் 256 கிலோபைட்டுக்கும் 16 கிலோபைட்டுக்கும் தம் சிந்தனையை வளைத்துக்கொண்ட மனிதர் பலரின் திறமையும் மதிப்பிழந்தது. அத்திறமைக்கு மூலதனம் தேய்மானம் கணிப்பதில்லை.

ஆயினும் அனைத்தும் அழிந்துவிட்டதெனக் கூறுதல் மிகையாகும். எது எஞ்சியது என்பதை நோக்குமிடத்து, ஒக்கம் மொழி முன்னர் வேறுபடுத்திய இரு கூறுகளின் முக்கியத்துவம் புலனாகும். பைட்டுக்கு எத்தனை செயல் என்னும் கணக்கு எஞ்சியது. 2009இல் பேர்க்லி ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், ஆராயப்பட்ட நான்கு பொறிகளுள் ஒன்றாகச் செல்லும் இருக்க, அக்கணக்கு எப்பொறிக்கும் பொருந்தும் வரைபடமாக்கப்பட்டது. சதுரத் துண்டுகளாக வெட்டும் முறை எஞ்சியது. 2007 முதல் கூடா வழியாக வரைபியற் சில்லுகளுக்கு எழுதியோர் அதனையே மீண்டும் கையாண்டனர். ஆனால் கூடா ஒரு கொம்பனியின் சில்லுகளுக்கென ஆக்கப்பட்டது. அதன்மீது குவியும் உழைப்பின் கதியும் அக்கொம்பனியின் கையிலேயே தங்கியுள்ளது. வேறொரு போக்கும் இருந்தது. 2006இல் பார்சலோனா பெருங்கணிப்பு நிலையத்தார் செல்லுக்காக ஒரு முறையை உருவாக்கினர். எந்தச் செயற்கூறு எந்தத் தரவை வாசிக்கிறது, எதனை எழுதுகிறது என்று மட்டும் செய்நிரலாளர் குறித்தாற் போதும். எது எதற்கு முன் நிகழவேண்டும், எந்த உறுப்பிடம் அதனை ஒப்படைப்பது, தரவை எப்போது இறக்குவது என்பவற்றை ஓட்ட நேரத்தில் மென்பொருளே தீர்மானிக்கும். கையாற் செய்த பொருத்துதலின் வேகத்தை அது எல்லாவிடத்தும் எட்டவில்லை. எனினும் அவ்வாறு எழுதப்பட்டவை சில்லுடன் சாகவில்லை. ரோட்ரன்னர் அணைக்கப்பட்ட அதே 2013ஆம் ஆண்டு யூலையில் வெளியான ஓப்பன்எம்பி 4.0 நியமத்தில், எது எதனைச் சார்ந்துள்ளது எனக் குறிக்கும் அவ்வழி எந்த ஒரு கொம்பனிக்கும் சொந்தமல்லாத பொது விதியாக இடம்பெற்றது.